குமாரலிங்கபுரத்துக்கு ஒரு சீன அகராதி

விருதுநகர் மாவட்டத்தில் குமாரலிங்கபுரம் என்றாலே இப்போது ஜவுளிப் பூங்காதான் பேச்சு. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடு முழுக்க ஏழு இடங்களை அறிவித்தது. தமிழ்நாட்டின் பங்காக வந்தது இ.குமாரலிங்கபுரத்தின் 1,052 ஏக்கர். பூங்கா முழுசாய் எழும்பி வரும்போது வரட்டும். அதற்கு முன்பே சீனம் இந்தக் கரிசல்காட்டுக்கு வந்துவிட்டது, மெஷின் வழியாக. எங்கள் பக்கத்து மில்களிலும் தறிக்கூடங்களிலும் சீனத்து மெஷின்கள் ஓடுகின்றன. பேனலில் பாதி ஆங்கிலம், பாதி சீனம். கோளாறு என்று வந்தால் திரையில் மின்னுவது பெரும்பாலும் சீனப் பாதிதான்.

என் அக்கா மகன் ஒரு மில்லில் ஃபிட்டர். “மாமா, இந்த எழுத்தை வாசிக்க ஒரு டிக்‌ஷனரி சொல்லுங்க. சின்னதா, முதமுதல்ல வாங்குற மாதிரி” என்றான். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சீன வானொலி 1963 ஆகஸ்ட் 1 அன்று தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலை கரகரப்பில் அதைக் கேட்டு, நேயர் மன்றம் வைத்து, பீக்கிங்குக்குக் கடிதம் போட்ட கூட்டம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த வழியில் ஒட்டிக்கொண்டதுதான் என் சீனம். பேசத் தேறாது, அகராதியைப் புரட்டத் தேறும்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் ஷின்ஹுவா அகராதி. 1953-இல் வந்தது, சீனத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் புத்தகம். 56 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக 2016-இல் கின்னஸ் சான்றிதழும் வாங்கிவிட்டது. நான் அதை மருமகனுக்குச் சொல்லவில்லை. பொருள் விளக்கம் முழுக்கச் சீனத்திலேயே இருக்கிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அது சீனப் பிள்ளைக்காகச் செய்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, எழுத்துதான் தெரியாது. என் மருமகனுக்கு எழுத்து கண்ணெதிரே மின்னுகிறது. ஒலியும் தெரியாது, பொருளும் தெரியாது.

தமிழ் படித்த நமக்கு இந்தச் சிக்கல் சட்டென்று உறைக்காது. எழுத்தைக் கண்டால் வாய் தானே ஒலித்துவிடும். ஒலி வந்தால் அகர வரிசையில் இடம் கிடைத்துவிடும். நமக்கும் அது காலகாலமாக இருந்த வசதியல்ல. திவாகரம், பிங்கலம் என்ற பழைய நிகண்டுகள் பொருள் வாரியாகத் தொகுத்தவை. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, மரப்பெயர் ஒரு தொகுதி. மனப்பாடம் செய்தவனுக்குத்தான் பயன்படும். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதுதான், முழுவதும் மனப்பாடமாக இல்லாதவனும் எழுத்தைப் பிடித்துத் தேட வழி கிடைத்தது. சீனர்களுக்கும் முதலில் நிகண்டுதான். எர்யா என்ற பழைய நூலின் பத்தொன்பது இயல்களில் உறவுமுறை, வீடு, பாத்திரம், மரம், பூச்சி, மீன் என்று அதே முறை.

ஆனால் அவர்கள் அடுத்துப் போனது வேறு பாதை. கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்ற அறிஞர் எழுத்துகளை உருவத்தை வைத்து 540 வேர்க்குறிகளின், அதாவது பல எழுத்துகளுக்குப் பொதுவான உறுப்புகளின், கீழ் அடுக்கினார். பின்னால் அது 214 ஆகச் சுருங்கியது; 1716-இல் காங்ஷி மன்னரின் பேரகராதி 47,035 எழுத்துகளை அந்த 214-க்குள் அடக்கியது. ரோமன் எழுத்தில் ஒலியைக் குறிக்கும் பின்யின் முறை அதிகாரபூர்வமானது 1958-இல்தான். ஆக, இன்றைய சீன அகராதிக்கு இரண்டு வாசல்கள். ஒலி தெரிந்தவன் பின்யின் வழியாகப் போகலாம். உருவம் மட்டும் தெரிந்தவன் வேர்க்குறியைப் பிடித்து, மிச்சக் கோடுகளை எண்ணித்தான் உள்ளே போக வேண்டும்.

எந்த வாசல் வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. சீனாவில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் நம் ஊர்ப் பக்கமும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வார்டில் நோயாளி வலியைச் சீனத்தில்தான் சொல்வார். காதில் விழுவதைத் தேட வேண்டிய அந்தப் பிள்ளைக்குப் பின்யின் வரிசையில் இருக்கும் அகராதி போதும். பேனல் முன் நிற்கிற ஃபிட்டருக்கு அது பூட்டிய கதவு. அவனுக்கு வேர்க்குறிச் சுட்டி ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலிவுப் பதிப்புகளில் அந்தச் சுட்டி கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நெரிந்து கிடக்கும். அப்படிப்பட்டது ஆங்கிலப் பொருள் எவ்வளவு நன்றாகத் தந்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

நெசவுக்காரர்களுக்கு இதில் ஒரு குஷி காத்திருக்கிறது. பட்டுநூலைக் குறிக்கும் வேர்க்குறி ஒன்று உண்டு. இன்றைய எளிய வடிவில் மூன்றே கோடு. அதன் கீழ் போனால் மில் முழுவதும் அங்கே இருக்கிறது. மிச்சம் நான்கு கோடு உள்ள இடத்தில் இழைக்கும் நூற்பதற்கும் உரிய எழுத்துகள். ஐந்து கோட்டில் நூலும் நெசவும். சாயப் பட்டறைக்காரனையும் விடவில்லை: மூன்று கோட்டில் சிவப்பு, எட்டில் பச்சை. காகிதமும் இதே குடும்பம்தான், நான்கு கோடு. நெசவும் காகிதமும் பின்யினில் ஒரே எழுத்துக்கூட்டு. தொனி என்கிற குரல் ஏற்ற இறக்கம்தான் வேறு: நெசவுக்கு முதல் தொனி, காகிதத்துக்கு மூன்றாம் தொனி. அருப்புக்கோட்டையும் சிவகாசியும் ஒரே பக்கத்தில்! மருமகனுக்கு இந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினேன். கோடு எண்ணுவதில் மட்டும் பழக்கம் வேண்டும். வாய் என்ற எழுத்து ஒரு சதுரக் கட்டம். நம் கண்ணுக்கு நான்கு கோடு, அவர்கள் கணக்கில் மூன்று. மேல்கோடும் வலப்பக்கமும் பேனா எடுக்காமல் ஒரே இழுப்பு.

சீன ஒலியைத் தமிழ் எழுத்தில் தரும் கையேடுகளை ஒதுக்கச் சொன்னேன். பின்யினில் பி, டி, ஜி எழுத்துகள் மூச்சு அழுத்தாத ஒலிகள். பால், தண்ணீர், கல் என்று நாம் தொடங்கும் ஒலிகளுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் இருப்பவை. இதில் ஆங்கிலேயரைவிட நமக்குச் சுலபம். ஆனால் அவற்றின் மூச்சழுத்திய ஜோடிகளை எழுதத் தமிழில் தனி எழுத்து இல்லை. கையேடு இரண்டையும் ‘ப’ என்றே அச்சடித்துவிடும். தொனிக்குறியும் காணாமல் போகும். அதைவிட, மொழியின் அமைப்பைத் தமிழிலேயே தெரிந்துகொள்ள வெளியுறவுப் பணியில் இருந்த பயணி எழுதிய ‘சீன மொழி ஓர் அறிமுகம்’ இருக்கிறது. சீனக் கவித்தொகையைத் தமிழாக்கியவரும் அவர்தான்.

பொருளுக்கு நம் கைக்கு எளிதில் கிடைப்பவை சீனம்–ஆங்கில அகராதிகள். மில்காரனுக்கு அது பெரிய இடைஞ்சல் அல்ல. கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பிண்டில் என்று அவன் தொழிலே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பார்க்க வேண்டியது, அகராதி தனி எழுத்துக்குப் பொருள் சொல்கிறதா, சொல்லுக்குச் சொல்கிறதா என்பதை. சீனத்தில் பெரும்பாலான சொற்களுக்கு இரண்டெழுத்து. தனித்தனியாகப் பொருள் பார்த்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும். ஜான் டிஃப்ரான்சிஸ் 1996-இல் ஹவாயிலிருந்து கொண்டுவந்த ஏபிசி அகராதி முழுச் சொல்லையே அகர வரிசையில் அடுக்கியது. ஒலி தெரிந்தவருக்கு அதைவிடச் சுகமான புத்தகம் நான் பார்த்ததில்லை. தொடக்கக்காரர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு 2000-இல் போட்டதில் சொற்கள் குறைவு, எடுத்துக்காட்டு வாக்கியம் அதிகம். அந்தக் கணக்குதான் சரி. காகிதத்தை எண்ண ஒரு சொல், நூலிழையை எண்ண வேறொரு சொல் என்று அளவைச் சொல் மாறிக்கொண்டே இருக்கும் மொழியில், வாக்கியம் தராத அகராதி வெறும் பட்டியல்.

“இதெல்லாம் எதுக்கு, போன்ல கேமராவைக் காட்டுனா சொல்லிருமே” என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும். பால் டெனிசோவ்ஸ்கி 1997-இல் தொடங்கிய இலவச அகராதித் திட்டம் வளர்ந்து இன்று பல செயலிகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. விரலால் வரைந்தும் தேடலாம். மருமகனிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

“மாமா, டிப்பார்ட்மெண்டுக்குள்ள போனை விட மாட்டாங்க. கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க.”

அதனால் காகித அகராதியே வாங்கினோம்; சட்டைப்பையில் அடங்குகிற அளவு, வேர்க்குறிச் சுட்டி முன்பக்கத்தில். சுட்டி நன்றாக இருக்கிறது; தொழிற்சொல் குறைவு. ரோலர் என்பதைச் சீன மில்காரர்கள் ‘லுவோலா’ என்று தங்கள் வாய்க்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அது இந்த மாதிரிச் சிறிய அகராதியில் வராது. அதற்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறான். ஷிஃப்டில் பார்த்த எழுத்தைக் கோடு பிசகாமல் வரைந்துவந்து, வீட்டில் போனில் தேடி எழுதிக்கொள்கிறான்.

போன வாரம் வேறொரு கேள்வி. மில்லுக்குத் தைவான் மெஷின் வரப்போகிறதாம். அந்த எழுத்தும் இதில் இருக்குமா என்றான். சீனா 1956 முதல் கொண்டுவந்த எளிய வடிவம் தைவானில் கிடையாது, பழையதுதான். நெசவு என்ற எழுத்து சீனாவில் எட்டுக் கோடு, தைவானில் பதினெட்டு. அகராதியில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் பழைய உருவமும் பொடியாக இருக்கிறது. ஆனால் சுட்டியில் இல்லை. கண்டதும் சரிபார்க்கலாம், காணாததைத் தேட முடியாது. மெஷின் வந்து இறங்கட்டும், பேனலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வா என்றேன்.