ஐந்து பவுன்

கதை எழுதுகிறவனுக்கு ஜெட் எஞ்சினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு கதை இருக்கிறதே!

1930-ல் பிராங்க் விட்டில் என்ற ஆங்கிலேய விமானப்படை இளைஞர் ஒரு யோசனையைப் பதிவு செய்தார். காற்றை உள்ளே இழுத்து நெருக்கி, எண்ணெயை எரித்துச் சூடாக்கிப் பின்னால் சீறவிட வேண்டியது. விமானம் முன்னால் பாயும். சீறும் காற்றே வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை நெருக்கும் சக்கரத்தை ஓட்டிக்கொள்ளும்.

1935-ல் பதிவைப் புதுப்பிக்க ஐந்து பவுன் வேண்டியிருந்தது. நகைக்கடைப் பவுன் அல்ல, சீமைப் பணம். அவருக்கு அதுவே கையைக் கடித்தது. விமான இலாகாவும் கொடுக்க மறுத்தது. பதிவு காலாவதியாயிற்று. 1939-ல் முதல் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டது ஜெர்மனி. விட்டிலின் எஞ்சின் வானம் ஏற 1941 ஆயிற்று. ஐந்து பவுனால் வந்த தாமதம் என்று சொல்ல மாட்டேன். அதைக் கொடுக்க வராத மனத்தால் வந்தது.

இன்றைய எஞ்சினின் முகப்பில் பெரிய விசிறி. அது தள்ளும் காற்றில் பெரும்பகுதி அடுப்பில் நுழையாமலே பக்கவாட்டில் போய்விடுகிறது. நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எண்ணெய் மிச்சம். விசிறியின் உறையையே கழற்றிவிட்டு 1986-ல் அமெரிக்கர்கள் பறந்து பார்த்தார்கள். எண்ணெய் விலை இறங்கியதும் அதைப் பரணில் போட்டார்கள். 2021-ல் மறுபடி தூசி தட்டி இறக்கினார்கள்.

எஞ்சின் எவ்வளவோ மாறிவிட்டது. கணக்குப்பிள்ளைதான் மாறவில்லை.