எண்களுக்கும் செவி உண்டு

சுழியத்திலிருந்து புறப்பட்டு, முதலடியில் 1, இரண்டாமடியில் 2, மூன்றாமடியில் 3 என்ற அளவில் நடப்பதாகக் கொள்வோம். இயன்றவரை பின்னோக்கியே நடத்தல் வேண்டும். சுழியத்திற்குக் கீழே இறங்குதலும், முன்னர் மிதித்த எண்ணில் பின்வாங்கி நிற்றலும் கூடா. அவ்வாறு நேருமிடத்து மட்டும் முன்னோக்கலாம். இந்நடையில் 0, 1, 3, 6, 2, 7, 13, 20, 12, 21, 11, 22, 10, 23, 9, 24, 8, 25 என ஒரு தொடர் பிறக்கிறது. கொலம்பிய நாட்டவரான ரெக்கமானின் பெயரால் இது வழங்குகிறது.

ஏட்டில் நோக்கின் எண்கள் தாறுமாறாகத் தாவுவன போலவே தோன்றும். கணிதம் பயிலும் நம் மகள் இதனைக் கணிப்பொறியில் ஒலியாக்கிக் காட்டியபோது, 20-க்குப் பின் இரு குரல்கள் தனித்தனியே எழக் கேட்டோம். ஒன்று 12, 11, 10, 9, 8 எனப் படியிறங்க, மற்றொன்று 21, 22, 23, 24, 25 என ஏறுகிறது. கண் தவறவிட்டதைச் செவி நொடியில் பற்றிக்கொண்டது.

நீல் ஸ்லோன் என்பார் 1964-இல் தொகுக்கத் தொடங்கி, 1973-இல் நூலாகவும் 1996-இல் இணையத்திலும் வெளியிட்ட எண்தொடர்க் களஞ்சியத்தில் இவ்வசதி உள்ளது. செய்முறை எளிதே. பியானோவுக்குக் கட்டைகள் 88. எண்ணை 88-ஆல் வகுத்து, மீதி எதுவோ அந்தக் கட்டையை ஒலிக்கச் செய்வர். முந்திய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சித் தொடரை இவ்வாறு இசைத்தால், 60 ஒலிகளுக்கு ஒருமுறை அது தொடங்கிய இடத்திற்கே திரும்பும். 7-ஆல் வகுப்பின் 16 ஒலிகளிலேயே திரும்பிவிடும். ஆகவே கணிப்பொறி இசையமைக்கிறது என்பாரின் கூற்று நமக்கு உடன்பாடன்று. அது வகுக்கிறது; எதனால் வகுப்பதென்று மனிதனே தேர்கிறான்.

அரபி யாப்பிலக்கணமாகிய அரூளைக் கற்றோர்க்கு இது புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள், ஹரகத் பெற்ற எழுத்து, ஸுகூன் பெற்ற எழுத்து என்னும் இரண்டே குறிகளால் 15 பஹ்ருகளை ஐந்து வட்டங்களில் அடக்கினார்கள். ஹரகத்தை 1 எனவும் ஸுகூனை 0 எனவும் எழுதுவோமாயின், தவீலின் ‘ஃபஊலுன் மஃபாஈலுன்’ 11010 1101010 ஆகும். முதல் மூன்று குறிகளை எடுத்து இறுதியில் வைத்துப் பாருங்கள்: 1011010 10110. அதுவே மதீதின் ‘ஃபாஇலாதுன் ஃபாஇலுன்’! நேர், நிரை என்னும் ஈரசையால் சீர்களை அளந்த நம் தமிழ் யாப்பினர்க்கும் இது அயலான சிந்தனையன்று.

இதனை விளக்கிக்கொண்டிருக்கையில், “வாப்பா, இதைக் கேட்பது கூடுமா?” என்று மகள் வினவினாள். விளையாட்டாகக் கேட்டதன்று, கூடாதென்றால் விட்டுவிடும் எண்ணத்தோடுதான் கேட்டாள். இசைக்கருவிகளைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில் இசை கேட்டலுக்கென ஒரு தனிப் பகுதியையே வகுத்து, நிலைமைகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். இக்வானுஸ் ஸஃபா குழுவினர் இசையைக் கணிதக் கலைகளுள் வைத்தனர்.

பியானோ ஒலியை நீக்கிவிட்டு, தஃப் போன்ற தட்டொலியை அமைத்துக்கொள் என்று சொல்லிவிடலாம் என முதலில் நினைத்தோம். அரூளுக்கு அது போதும். ரெக்கமான் தொடருக்கோ ஏற்ற இறக்கமே உயிர்; தட்டொலியில் அவ்விரு குரல்களும் மறைந்துபோம். ஆதலின், “பாடத்திற்கு வேண்டுமளவு கேள், ஒழுங்கு பிடிபட்டதும் நிறுத்திவிடு” என்றோம். இது ஃபத்வா அன்று. ஒரு தந்தை தன் மகளுக்குச் சொன்ன விடை.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த நம் லாத்தா இதனை ஏற்கவில்லை. “கணக்கைக் கண்ணால் பார்த்தால் போதாதா, தம்பி?” என்றார்கள். அக்கேள்வியும் தள்ளத்தக்கதன்று. மகள் மறுமொழி கூறாமல் அந்த எண்களைத் தாளில் எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றாய்க் கோடிட்டு, மாமியின் கையில் கொடுத்தாள். லாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடினார்கள்.