வைராக்கியமாம்!

சுங்கை பெசார் பசார் மாலாம்.
“இன்னிக்கு ஒன்னும் வாங்க மாட்டேன்”னு வீட்ல சொல்லிட்டுத்தான் கெளம்புனேன்.
அப்பாம் பாலிக் கடையில மார்ஜரின் உருகுது, மேல பொடிச்ச கடலையும் சீனியும் தூவுறாங்க.
கால் நின்னுருச்சு. கை பர்ஸ எடுத்துருச்சு.
நான் சும்மா கூடப் போனேன், அவ்வளவுதான்!

திட்டாதீங்க. பட்டினி கெடந்து எடைய கொறச்சா, பசியக் கிளப்புற கிரெலின்ங்கிற ஹார்மோன் ஏறுது, போதும்னு சொல்ற லெப்டின் எறங்குது. ஒடம்பே எதிர்க்கட்சி!

2019ல அமெரிக்காவுல ஆய்வாளர் கெவின் ஹால் குழு சோதிச்சாங்க. ஆலையில தயாரான தீனிய இஷ்டத்துக்குத் தின்னச் சொன்னா, அதிகம் பதப்படுத்தாத சாப்பாட்டவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடப் போகுது.

நம்ம மலேசியாவுல 2023 சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல 54.4 விழுக்காடு பேர் எடை கூடினவங்க.
அத்தன பேருக்குமா மன உறுதி இல்ல?

பிஸ்கட் டின்ன கண்ணுல படாம வைக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி.
நீங்க எங்க ஒளிச்சு வைக்கிறீங்க?