அப்பாவின் மாலை ஆராதனையும் அம்மாவின் செபமாலையும்

2025 நவம்பர் முதல் வாரத்தில் ஓர் அதிகாலை, ரொறொன்ரோவில் இருந்து தம்பி அழைத்தான். அவனுக்கு அங்கே முன்னிரவு. குரலில் ஒரு வெற்றிக் களிப்பு.

"அண்ணே, செய்தி பாத்தீங்களா? உரோமாபுரியே ஒத்துக்கிட்டாங்க. அப்பா சொன்னது சரியாப் போச்சா, இல்லையா?"

செய்தியை நானும் பார்த்திருந்தேன். அம்மாதம் 4ஆம் திகதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் திணைக்களம், 'மாத்தெர் பொப்புலி ஃபிதேலிஸ்' என்ற பெயரில், பாப்பரசர் பதினான்காம் லியோவின் ஒப்புதலுடன் ஓர் ஆவணத்தை வெளியிட்டிருந்தது. மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமற்றது என்பது அதன் சாரங்களில் ஒன்று. மீட்பர் கிறிஸ்து ஒருவரே. அந்தத் தனித்துவத்தை மங்கச் செய்யும் பட்டம் வேண்டாம் என்று அது கூறியது. மரியாளை விசுவாசிகளின் தாய் என்று போற்றுவதை அது கைவிடவில்லை. உண்மையில் அந்தத் தலைப்பின் பொருளே அதுதான். ஆனால் கனடாவில் சுயாதீன சபையொன்றில் முன்வரிசையில் அமரும் என் தம்பிக்கு, அந்த இரண்டாவது பகுதி செய்தியாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசகர் எல்லோரும் தலைப்பைத்தான் படிக்கிறார்கள்.

அவன் என்னிடம் கேட்க நினைத்தது வத்திக்கானைப் பற்றியதன்று என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் எங்கள் வீட்டின் அரை நூற்றாண்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் இருந்து உபதேசியாராக வந்தவர். 1850களில் கண்டியை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கப்பட்ட அந்த ஊழியத்துக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர். பெயரிலேயே கூலியை வைத்துக்கொண்டு ஆன்மாவைத் தேடிப் போனார்கள் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்பா கலஹாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். ஞாயிறுகளில், குருவானவர் வராத நாட்களில், அங்கிலிக்கன் ஆலயத்தில் ஆராதனை நடத்துவார். அம்மா அயல் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். திருமணத்தின்போது அப்பாவின் சபையில் திடப்படுத்தல் பெற்றார். மடுவில் வாங்கிய ஒரு சாண் உயரச் சாந்துச் சுரூபத்தைத் தாய் வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி அப்பா கேட்டாராம். அம்மா விட்டுவிட்டு வந்தார். செபமாலையை மட்டும் கொண்டுவந்து அரிசிப் பானைக்குள் வைத்தார். பானைக்குள் இருப்பது அப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

அப்பாவின் வாதங்களை நான் பத்து வயதிலேயே மனப்பாடமாக அறிவேன். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே. மரியாள் மாசின்றிக் கருவானார் என்பதைப் பாப்பரசர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854இல். அவர் உடலோடு விண்ணேறினார் என்று அறிவித்தது 1950இல். இவை இரண்டும் வேதாகமத்தில் எங்கே இருக்கின்றன? கானாவூர்க் கலியாணத்தில் அந்தத் தாயே மகன் சொல்வதைச் செய்யும்படிதானே பணியாளர்களிடம் சொன்னார்? இவற்றுக்கு மேல் ஒரு தமிழாசிரியருக்கே உரிய கிண்டலும் அவரிடம் இருந்தது. "மாரிக்கும் மரிக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்" என்பார். லயத்துக் கோடியில் இருந்த மாரியம்மன் கோயிலும் அம்மாவின் செபமாலையும் அவருக்கு ஒரே கணக்கில் சேர்ந்தன.

இந்தக் கணக்கு அப்பா கண்டுபிடித்ததன்று. விக்கிரக ஆராதனை என்ற அதே அம்பைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் சைவர் மீதும் எய்தனர். பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, ஆலயமும் தூபமும் தீபமும் பலியும் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்று அவர்களுடைய நூலாலேயே பதில் சொன்னார். மரியாள் மாசற்றவர் என்று உரோமில் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு. இந்த ஒற்றுமையைப் பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்த நாட்களில் கவனித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கோட்பாட்டு அளவில் நான் இன்றும் அப்பாவின் பக்கம்தான். மரியாளை நோக்கி நான் செபிப்பதில்லை. அந்த இரண்டு கோட்பாடுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் இந்தத் தீவில் மரியன்னை பக்தி பற்றிய புரட்டஸ்தாந்து விமர்சனம் விமர்சனமாக வந்திறங்கவில்லை, சட்டமாக வந்தது என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவுக்குப் புகலிடம் கொடுப்பதே குற்றம் என்றாக்கினர். 1670இல் மாந்தையில் இருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்கு ஓடியதாக மரபு சொல்லும். ஓடியவர்களுக்குக் கண்டி இராச்சியமே காவலாக இருந்தது. கோவாவில் இருந்து வேடம் மாறி வந்த யோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டியில் முதலில் சிறை வைக்கப்பட்டார். பிறகு பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றுப் பணி செய்தார். 1711இல் இங்கேயே மறைந்தார். கிறிஸ்தவனிடம் இருந்து கிறிஸ்தவனைக் காப்பாற்றியவன் பௌத்த மன்னன். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்த நாளில் செய்தி மேசையில் இருந்த நான் இதை ஒரு பெட்டிச் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இனி 1983 ஜூலைக்கு வருகிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு நான்கு. அம்பிட்டியப் பக்கத்தில் வாடகை வீடு. கொழும்பில் தொடங்கிய தீ ஜூலை 26ஆம் திகதி கண்டி நகரத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டை நோக்கி ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும், எதிர்வீட்டுச் சிங்கள அம்மையார், நாங்கள் 'நெந்தா' என்று அழைப்பவர், எங்களைத் தம் வீட்டுப் பின்னறைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கத்தோலிக்கர். மூன்று இரவுகள் அங்கே இருந்தோம். இரண்டாம் இரவில் எங்கள் வீடு உடைபடும் சத்தம் கேட்டது. அரிசிப் பானை உடைந்த சத்தம் எது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த இரவில் நெந்தா விளக்கைத் தணித்துவிட்டு, செபமாலையை எடுத்து, மங்களவார்த்தைச் செபத்தின் முதற்பாதியை மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார். அம்மா பிற்பாதியைத் தமிழில் சொன்னார். கத்தோலிக்க வீடுகளில் ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பது வழக்கம் என்பதை அறியாத எனக்கு, இரு மொழிகளும் தாமாகவே ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போவது போல் இருந்தது. ஐம்பத்து மூன்று மணிகளுக்கு ஐம்பத்து மூன்று தடவை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போகவில்லை. போக இடமும் இருக்கவில்லை என்பது வேறு விடயம். நாங்கள் முகாமுக்குப் போகும் நாளில் நெந்தா அந்தச் செபமாலையை அம்மாவின் கையில் திணித்தார்.

இதைச் சொல்வதால் மரியன்னை பக்தி இனங்களை இணைத்துவிடும் என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். சிங்களவரும் தமிழரும் ஒரே மாதாவை நாடி மடுவுக்குப் போனார்கள், போர் நிற்கவில்லை. 1999 நவம்பரில் மடு ஆலய வளவில் எறிகணைகள் விழுந்து, தஞ்சமடைந்திருந்த மக்கள் பலர் கொல்லப்பட்டனர். 2008 ஏப்ரலில் குருமார் சுரூபத்தையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. அடுத்த ஓகஸ்டில்தான் மாதா திரும்பி வந்தார். அகதியான மாதா என்று அப்போது ஒரு தலைப்புப் போட நினைத்தேன், துணிவு வரவில்லை.

பக்தி ஏன் எதையும் மாற்றாமல் ஆறுதலாக மட்டுமே நின்றுவிடுகிறது என்ற கேள்வியை நான் புரட்டஸ்தாந்து மேடையில் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. திஸ்ஸ பாலசூரிய அடிகளார், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். சபையின் பெயரிலேயே அமலமரியைச் சுமந்தவர். 1971இல் கொழும்பில் சமூக சமய நடுநிலையத்தை நிறுவியவர். 1990இல் 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற பொருள்படும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நம் ஆலயங்களில் காணும் மாதா ஏன் எப்போதும் தலைகுனிந்து, கைகூப்பி, பணக்காரரையும் ஏழையையும் ஒரே புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது, சுருக்கமாகச் சொன்னால், அவர் கேள்வி. லூக்கா நற்செய்தியில் எலிசபெத்தின் வீட்டில் பாடிய உழைப்பாளிப் பெண், வல்லவர் ஆசனங்களில் இருந்து இறக்கப்படுவதையும் பசித்தவர் நிறைவு பெறுவதையும் அல்லவா பாடினாள்? அவளை யார் இப்படி அடக்கினார்கள்?

ஜென்மபாவம் முதல் பெண்களின் குருத்துவம் வரை வேறு பலவற்றையும் அந்நூல் கேள்விக்கு உட்படுத்தியது. 1997 ஜனவரி 2ஆம் திகதியிட்ட அறிவித்தல், கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்துடன் வந்தது. அடிகளார் திருச்சபையில் இருந்து விலக்கப்பட்டார். நான் அப்போது இளநிலை நிருபன். கண்டியில் கருத்துக் கேட்கப் போன எனக்கு, பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒரு குருவானவர் அந்நூலின் போட்டோப் பிரதியைத் தந்தார். ஓராண்டு கழித்து, 1998 ஜனவரியில் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அடிகளார் 2013 ஜனவரி 17இல் காலமானார்.

நூலைப் படித்த இரவில் எனக்கு நினைவு வந்தது அப்பாவின் குரல். அங்கிலிக்கன் மாலை ஆராதனை ஒழுங்கில் மரியாளின் அந்தப் பாட்டு ஒவ்வொரு நாளும் இடம்பெறும். என் பாட்டனாரும் அப்பாவும் அதைப் பாடியே வளர்ந்தவர்கள். பாட்டனார் காலத்தில் முன் ஆசனத்தில் வெள்ளைத் துரை, பின் ஆசனங்களில் பேர் பதிந்த தொழிலாளர், நடுவில் பாட்டு. சிம்மாசனம் இறங்குகிறது, பசித்தவன் உண்கிறான். துரையும் சேர்ந்து பாடியிருப்பார். மரியாளை வீட்டை விட்டு வெளியேற்றிய நாங்கள்தாம் அவளுடைய வார்த்தைகளை நாள்தோறும் உச்சரித்தோம். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. லூத்தர் 1521இல் அந்தப் பாட்டுக்கு ஒரு விளக்கவுரையே எழுதினார் என்பதை அப்பாவிடம் சொன்னபோது, நம்பாமல் ஆதாரம் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பல நாட்கள் வைத்திருந்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். 2001இல் அவர் மறைந்தார்.

அம்மா 2018இல் காலமானார். அடக்க ஆராதனை அப்பாவின் ஆலயத்தில். பெட்டியை மூடும் முன்னர், தோட்டத்தில் இருந்து வந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த செபமாலையை எடுத்து அம்மாவின் விரல்களில் சுற்றினார். ரொறொன்ரோவில் இருந்து வந்திருந்த தம்பி என் காதருகே, "அண்ணே, அத எடுத்துடுங்க" என்றான். குருவானவர் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி என்னைப் பார்த்தார். மூத்தவன் நான். மூடியைப் போடச் சொன்னேன்.

ஏழு ஆண்டுகளாக அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று அதிகாலை, வத்திக்கான் செய்தியெல்லாம் முடிந்த பிறகு கேட்டான்: "அன்னைக்கு ஏண்ணே எடுக்கல?"

அது யாருடைய செபமாலை என்று அவனுக்குச் சொன்னேன். பின்னறையைச் சொன்னேன். இரு மொழிகளைச் சொன்னேன். அந்த மூன்று இரவுகளிலும் அவன் நெந்தாவின் மடியில் தூங்கினான், எதுவும் நினைவில்லை. நீண்ட நேரம் மறுமுனையில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை அவன் பெயரைச் சொல்லி அழைத்தேன்.

பிறகு, நெந்தாவின் பிள்ளைகள் இப்போதும் அம்பிட்டியப் பக்கம்தான் இருக்கிறார்களா என்று கேட்டான்.