ஒலிநாடாவில் ஓர் அரங்கு

இம்மலரின் ஆசிரியர் எம்மை அணுகிக் கட்டுரை வேண்டியபோது, சங்கச் சான்றோர் பற்றியோ நாவலர் பெருமான் பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பார். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் ஒருவரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயினும் இக்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தே எம் உள்ளத்தில் ஊன்றி, இன்றுவரை எவரிடமும் விரித்துரையாத சுவையொன்று எமக்குண்டு. அது மேனாட்டு றொக் இசை. அதனுள்ளும் ஹெவி மெற்றல் எனப்படும் பேரொலி இசை. அதனுள்ளும் மேடையில் நிகழ்ந்தவாறே பதிவு செய்யப்பெற்ற இசைத்தட்டுகள். நண்பர்கள் நகைப்பரேல் நகைக்க. பழைய மாணவர் மலரில் உண்மை பேசாவிடின் வேறெங்கே பேசுவது?

1995-ஆம் ஆண்டு நாம் பத்தாம் வகுப்பிற் பயின்றோம். எம் இல்லம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அணித்தாய், மாரிக்காலத்தில் மகாவலியின் இரைச்சல் கேட்கும் தொலைவில் இருந்தது. அதன் முன்னறையில், இக்கல்லூரியில் உயர்தரம் முடித்துப் பேராதனையிற் பொறியியல் பயின்ற ஒருவர் தங்கியிருந்தார். தொலைவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவரிடம் ஒரு கசற் பெட்டியும், சப்பாத்துப் பெட்டி ஒன்று நிறையக் கசற்றுகளும் இருந்தன. இரவில் எமக்குக் கணிதம் சொல்லித் தருவார். கணக்குச் சரியாக வந்தால் ஒரு பாட்டுப் போடுவார். எம் கணித அறிவு வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

அவர் கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு. கலையகத்திற் பதிவு செய்யும் பாட்டு, திருத்தித் திருத்தி எழுதிய கட்டுரை போன்றது; மேடையிற் பதிவு செய்தது, சபை நடுவே எழுந்து நின்று பேசும் பேச்சுப் போன்றது. முன்னதிற் பிழையிராது, பின்னதில் உயிர் இருக்கும் என்பார். இதற்குச் சான்றாக அவர் காட்டியது ‘த ஹூ’ எனும் ஆங்கிலக் குழுவினரின் லீட்ஸ் இசைத்தட்டு. 1970-ஆம் ஆண்டு பெப்ரவரி 14-ஆம் நாள் அவர்கள் பாடியது மாபெரும் மண்டபத்திலன்று. லீட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் உணவுச்சாலையில். பதிவில் ஆங்காங்கே கேட்கும் வெடிப்பொலிகளைத் திருத்த வேண்டா என்று இசைத்தட்டின் முகப்பொட்டிலேயே எழுதியிருந்தனர். பிழையை மறைக்காது பிழையென்றே சொல்லிச் சபையேறும் துணிவு அன்று எமக்கு வியப்பாயிருந்தது.

அடுத்தது ‘டீப் பர்ப்பிள்’ குழுவினர் 1972-ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 15, 16, 17-ஆம் நாட்களில் ஜப்பானின் ஒசாக்காவிலும் தோக்கியோவிலும் நிகழ்த்திய மூன்று கச்சேரிகளிலிருந்து தொகுத்தது. இரண்டு இசைத்தட்டுகளில் ஏழே பாட்டுகள். கலையகப் பதிவில் நாலரை நிமிடமே நிகழ்ந்த பாட்டொன்று மேடையில் இருபது நிமிடமளவும் விரிந்து செல்லும். இராக ஆலாபனைக்குப் பழகிய நமக்கு இது புதிதன்று. நம் வித்துவான்கள் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வது போலவே, அவர்கள் ஒரு சிறு மெட்டை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்க்கின்றனர். கிற்றாரும் ஓகனும் ஒன்றையொன்று வினவி விடை பெறுகின்றன.

எம் தந்தையார் தோட்டத்து அலுவலகமொன்றில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கு அடிமை. எங்கள் பாட்டை ‘தகரக்கடைச் சத்தம்’ என்பார். ஒருநாள் இந்த ஜப்பான் பதிவில் இயன் பெய்ஸ் என்பார் தனித்து மேளம் முழக்கும் இடம் வந்தபோது, தந்தையார் செய்தித்தாளோடு வாயிலில் வந்து நின்றார். முடியுமளவும் அசையவில்லை. பின்னர், “தம்பி, தனி ஆவர்த்தனம் இவங்களுக்கும் இருக்குதா?” என்று அண்ணனைக் கேட்டுவிட்டுச் சென்றார். அன்று முதல் தகரக்கடை என்ற சொல் எம் இல்லத்தில் எழவில்லை.

எனினும் எம் நெஞ்சைக் கவர்ந்தது ‘அயர்ன் மெயிடன்’ குழுவினரின் ‘லைவ் ஆஃப்ரர் டெத்’ எனும் பதிவே. பெரும்பகுதி 1985-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கலிபோர்ணியாவின் லோங் பீச் அரங்கில் நிகழ்ந்தது. எஞ்சியது அதற்கு முந்திய ஒக்ரோபரில் இலண்டனில் நிகழ்ந்தது. அதில் பதின்மூன்று நிமிடம் நீளும் பாட்டொன்று, கோல்றிட்ஜ் எனும் ஆங்கிலப் புலவர் 1798-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதிய மாலுமியின் கதையைச் சொல்வது. குற்றமற்ற கடற்பறவையொன்றை மாலுமி எய்து கொல்கிறான். கப்பல் காற்றின்றி நிற்கிறது. உடன் வந்தோர் தாகத்தால் மடிகின்றனர். அவன் மட்டும் பிழைத்து, வாழ்நாளெல்லாம் தன் பழியை வழிப்போக்கர்க்குச் சொல்லித் திரிகிறான். பல்லாயிரம் இளைஞர் கூடிய அரங்கில் ஒரு பழம்புலவரின் கவிதை முழங்கியதை எண்ணுந்தோறும், நம் புலவர்க்கு இத்தகைய அரங்கு எந்நாள் வாய்க்கும் என்று ஏங்கியதுண்டு.

1998-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்தது. உயிர்கள் மாண்டன, நகரம் கலங்கியது. அதன் பின்னர், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த தமிழ் இளைஞர் எவரும் அச்சமின்றி உறங்கவில்லை. ஒரு விடியற்காலை எம் இல்லத்தையும் சோதனையிட வந்தனர். சப்பாத்துப் பெட்டியைக் கண்டதும் அவர்களுள் மூத்தவர் ஒரு கசற்றை எடுத்துப் போடும்படி பணித்தார். அண்ணனின் கை நடுங்கியது. அந்தப் பதிவு பாட்டோடு தொடங்குவதன்று. 1940-ஆம் ஆண்டில் சேர்ச்சில் ஆற்றிய போர்க்காலப் பேச்சோடு தொடங்குவது. அறையில் ஒருவர் முழங்கிப் பேசும் குரல் எழுந்தது. வந்தவர்களின் முகம் மாறியது. “யாருடைய பேச்சு?” என்று சிங்களத்தில் அதட்டினார் மூத்தவர். “மாத்தயா, இது சேர்ச்சில். பழைய இங்கிலாந்துப் பிரதமர்” என்றார் தந்தையார், தாழ்ந்த குரலில். அதனை அவர் நம்பினாரோ அறியோம். அடுத்த கணம் சனத்திரளின் ஆரவாரமும், அதனைப் பிளந்துகொண்டு கிற்றாரும் எழுந்தன. வாயிலில் துவக்கோடு நின்ற இளம் படைவீரர் ஒருவர், இருபது வயதும் நிரம்பாதவர், தம்மை மறந்து, “அயர்ன் மெயிடன்!” என்றார். மூத்தவர் திரும்பிப் பார்த்தார். இளைஞர் வெட்கித் தலை குனிந்தார். பெட்டியை வைத்துவிட்டுப் போயினர்.

அந்த இளைஞரை மீண்டும் கண்டிலேம். ஆயினும் அவர் வாயினின்று வந்த இரண்டு சொற்களே அன்று அண்ணனைக் காத்தன என்று இன்றும் நம்புகின்றோம். இரண்டு வாரங்களில் அண்ணன் எம் இல்லம் நீங்கிக் கொழும்பு சென்றார். அங்கிருந்து கடல் கடந்தார் எனக் கேள்வியுற்றோம். பெட்டியைத் தந்தையாரிடம் ஒப்படைத்து, “தம்பி கேட்கட்டும்” என்று சொல்லிப் போனாராம். நாம் அப்போது தனி வகுப்புக்குச் சென்றிருந்தமையால் விடை கொடுக்கவும் இயலவில்லை.

போர்நிறுத்தம் நிலவிய 2003-ஆம் ஆண்டில், ஆசிரிய கலாசாலை விடுமுறையில், கண்டியிலிருந்து புகைவண்டி ஏறிக் கொழும்பில் உள்ளூர்க் குழுவினர் நடத்திய கச்சேரியொன்றுக்குச் சென்றோம். நாம் நேரிற் கண்ட முதல் அரங்கு அதுவே. பாட்டின் நடுவே மின்சாரம் நின்றது. இருளில் மேளம் மட்டும் ஓயவில்லை. கூடியிருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம், பறங்கி இளைஞர் யாவரும் கைதட்டித் தாளம் போட்டனர். விளக்கு வருமளவும் தாளம் தவறவில்லை. அவ்விருளில் எம் பெயரையோ ஊரையோ எவரும் வினவவில்லை. பின்னர், 2007-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் அயர்ன் மெயிடன் குழுவினர் பெங்களூர் அரண்மனைத் திடலுக்கு வந்தனர் எனச் செய்தித்தாளிற் படித்தோம். கடனும் குடும்பமும் உள்ள ஆசிரியனுக்குப் பெங்களூர் வெகுதூரம். அன்றிரவு பழைய கசற்றைக் கேட்டு ஆறுதலடைந்தோம்.

சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பில் நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் காதிற் கருவி செருகியிருக்கக் கண்டோம். ஆண்டு முழுதும் வாய் திறவாத பிள்ளை. கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். மாலுமியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பு முழுதும் எம் சினத்தை எதிர்பார்த்து நின்றது. நாமோ, “இப்பாட்டின் கதையைத் தமிழிற் சொல், சொன்னால் கருவியைத் தருவோம்” என்றோம். தயங்கித் தயங்கித் தொடங்கியவன் பத்து நிமிடம் சொன்னான். பறவை வீழ்ந்த இடத்தில் வகுப்பு மூச்சடங்கியது. பிழைகள் இருந்தன, நாம் திருத்தவில்லை. வெடிப்பொலியைத் திருத்த வேண்டா என்று எழுதிய ஒட்டு எம் நினைவுக்கு வந்தது. விதிப்படி கைப்பேசியை அதிபரிடம் ஒப்படைத்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாத குற்றத்தை இம்மலர் வாயிலாகவே ஒப்புக்கொள்கின்றோம்.

இக்கல்லூரி எமக்குத் தந்தவற்றுள் ஏட்டிலுள்ளவை பல. ஏட்டில் இல்லாதவற்றுட் சிறந்தது அந்த அண்ணனின் நட்பு. இம்மலர் கடல் கடந்தும் செல்லும் என்கின்றனர். அவர் கைக்கு இது எட்டுமாயின், ஒன்று அறிவிப்போம்: சப்பாத்துப் பெட்டி எம்மிடம் பத்திரமாயிருக்கின்றது. ஜப்பான் கசற் ஓரிடத்தில் மட்டும் இழுபடுகின்றது. எம் தந்தையார் இறுதி நாட்களில் அந்த மேளத்தை இருமுறை கேட்டார். கணக்கு இப்போதும் எமக்குச் சரியாக வருகின்றது. ஒருமுறை வந்து பாட்டுப் போடுங்கள், அண்ணா.

வாழ்க கல்லூரி! வளர்க பழைய மாணவர் கேண்மை!