முந்நூறு மீட்டருக்கு அப்பால்

ஜூன் 14, 2025, அயனம்பாக்கம்

பாஸ்போர்ட் விசாவோடு இன்று திரும்பி வந்தது. நான் போகப்போகும் ஸ்வால்பார்டுக்குள் நுழைய யாருக்கும் விசா தேவையில்லை. 1920இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையால் நார்வேக்கு வந்த தீவுக்கூட்டம் அது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பு. ஆனால் நாம் போக வேண்டியது ஓஸ்லோ வழியாக. நார்வே ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஸ்வால்பார்டு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பும்போது ஓஸ்லோவில் இறங்க முடியாது. அதனால் இருமுறை நுழையும் விசா கேட்டு வாங்கினேன். போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

"ஐஸைப் பாக்கறதுக்கு இவ்ளோ தூரமா டீச்சர்?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் கரும்பலகையில் சாக்பீஸால் துருவ வட்டம் போட்டுக் காட்டியவள் நான். அந்த வட்டத்துக்குள் ஒருமுறை நிற்க வேண்டும் என்றேன். அவளிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. விமானமும் கப்பலும் எரிக்கும் எண்ணெய் அந்தப் பனியைக் கரைப்பதில் சேர்த்திதான். அது தெரிந்தேதான் போகிறேன். அப்படிப் போகிறவள் கவனமாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், பார்த்ததை நாலு பேரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 21, லாங்யர்பைன்

ராத்திரி பதினொன்றரைக்கு வெயில் கண்ணைக் கூசுகிறது. ஆகஸ்ட் பிற்பகுதி வரை இங்கே சூரியன் மறையாது. ஊர் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டி நடப்பதென்றால் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர் கூட வர வேண்டும்.

சாலையோரச் சரளையில் வடதுருவ ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தன. அருகே போனவர்களின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் குச்சி நுனியைக் கொத்திவிட்டுப் போகும் என்றார் வழிகாட்டி. அந்தப் பறவைக்கு ஏறத்தாழ நூறு கிராம் எடைதான். வடக்கே கோடை முடிந்ததும் அண்டார்க்டிகா வரை பறந்து, அங்கும் ஒரு கோடையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பறவை இது. இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். தலைக்கு மேல் அது கத்தியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜூலை 22, பூலபின்டன்

கப்பலிலிருந்து சோடியாக் என்கிற ரப்பர் படகில் கரையிறங்கினோம். வால்ரஸ் கூட்டம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. தந்தத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொன்று தீர்த்த விலங்கு. 1952இல் வேட்டையைத் தடை செய்தபோது இங்கே மிஞ்சியவை மிகச் சில. தடைக்குப் பிறகு மெல்லத் திரும்பி வந்திருக்கின்றன.

சாப்பாட்டு மேசையில் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினேன். ஓஸ்லோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அம்மா, பேரப் பிள்ளையோடு வந்திருக்கிறார். "நான் எண்பத்தேழில வந்தனான் அக்கா. முதல் வேலை வடக்க, ஃபின்மார்க்கில, மீன் தொழிற்சாலையில. மேசையில நிண்டு மீன் வெட்டேக்க விரல் விறைச்சுப் போகும். வெளியில பார்த்தா நாள் முழுக்க இருட்டு" என்றார். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "இந்தக் கடலுக்குப் பக்கத்தில அத்தனை வருசம் இருந்தும் நான் அதை ஒருநாளும் நிண்டு பார்க்கேல்லை. இப்பதான் பார்க்கிறன்."

துருவம் என்றதும் நார்வேக்காரர் அமுண்ட்சென் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தோம். போருக்குத் தப்பி வந்து ஆர்க்டிக் கடலோரத்தில் மீன் வெட்டிக் குடும்பத்தைக் கரையேற்றிய தமிழர்களைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 23, நி-ஓலசுண்ட்

இந்தப் பயணத்தில் நான் எண்ணிக் காத்திருந்த நாள். 79 பாகைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஊர். முன்பு நிலக்கரிச் சுரங்கம். 1962இல் நடந்த விபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. இறங்கும் முன்பே கைபேசியில் வைஃபையும் புளூடூத்தும் அணைக்கச் சொன்னார்கள். நுண்ணிய ரேடியோ அளவீடுகள் கெட்டுப்போகும் என்பதால் சுற்றிலும் 20 கிலோமீட்டருக்கு இந்தக் கட்டுப்பாடு. சாலையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது.

அமுண்ட்செனின் மார்பளவுச் சிலை, 1926இல் நார்கே ஆகாயக் கப்பலைக் கட்டிய கோபுரம் எல்லாம் பார்த்தோம். என் கால் நின்றது ஹிமாத்ரிக்கு முன்னால். 2008 ஜூலை 1 அன்று திறந்த இந்திய ஆய்வு நிலையம். பயணிகள் உள்ளே போக முடியாது. முதலில் கோடையில்தான் ஆட்கள் வந்துபோனார்கள். 2023 டிசம்பரில் தொடங்கி, சூரியனே வராத குளிர்காலத்திலும் நம் ஆய்வாளர்கள் தங்குகிறார்கள்.

அங்கிருந்து கொங்ஸ்ஃபியோர்டின் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அதன் அடியில், 192 மீட்டர் ஆழத்தில், சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் வடிவமைத்த கருவித்தொடர் ஒன்றை 2014 ஜூலையில் நங்கூரமிட்டு இறக்கினார்கள். இண்டார்க் என்று பெயர். கடலடியிலிருந்து நீர்மட்டத்துக்குக் கீழ் வரை நீளும் கம்பியில் ஆங்காங்கே கருவிகள். வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் அவை பதிவு செய்கின்றன. கப்பல் வர முடியாத குளிர்கால மாதங்களின் கணக்குத்தான் அறிஞர்களுக்கு அரிது. அதைத் தருவது இதன் சிறப்பு. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் இந்த ஃபியோர்டுக்குள் எந்த மாதம் எவ்வளவு புகுகிறது என்பது அதில்தான் தெரியும். வடதுருவப் பனி குறைவதற்கும் நம் பருவமழை தாறுமாறாகக் கொட்டுவதற்கும் உள்ள தொடர்பை கோவாவில் இருக்கும் துருவ ஆய்வு மையத்தார் ஆராய்ந்து வருகிறார்கள். 2015இல் கூவமும் அடையாறும் கரை மீறி ஓடியதைப் பார்த்தவர்கள் நாம். சென்னைக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து கடலுக்குள் வெப்பமானி வைத்தது ஏன் என்று நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து அம்மாவின் பேரனைக் கூப்பிட்டு விரலால் காட்டினேன்: "இதுக்குக் கீழதான் நம்ம ஊர்ல செஞ்சது இருக்குப்பா."

ஜூலை 25, மொனாக்கோ பனியாறு

நீலம், வெள்ளை, இடையிடையே மண் கலந்த பழுப்பு. பனிச்சுவர் உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. அதன் பின் அலை. அதனால்தான் படகைத் தள்ளியே நிறுத்துகிறார்கள். சுவரடியில் கிட்டிவேக் பறவைகள் மொய்த்தன. பனிக்கு அடியில் ஓடிவரும் உருகுநீர் சின்ன உயிர்களை மேலே கொண்டுவந்து தள்ளுகிறது. அது அவற்றுக்கு விருந்து. வழிகாட்டி பழைய வரைபடத்தை விரித்தார். நாங்கள் மிதந்துகொண்டிருந்த இடம் அதில் பனியாறாக இருந்தது.

ஜூலை 26, ஹின்லோப்பன் நீரிணை

விடியற்காலையில் ஒலிபெருக்கி: பனிக்கரடி. மேல்தளத்துக்கு ஓடினோம். மிதக்கும் பனிப்பலகையில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி. தொலைநோக்கியில் பார்த்ததும் அது முகமானது. மூக்கை உயர்த்திக் காற்றை மோப்பம் பிடித்தது. முன்காலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, எடுத்துக்கொண்டது.

இந்த ஆண்டு ஜனவரி முதல் புதிய சட்டம். கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். காப்புப் பகுதிகளில் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக் கூடாது. பெரிய லென்ஸ் கொண்டுவந்த சிலர் முன்பெல்லாம் இன்னும் கிட்டே போவார்களே என்று குறைப்பட்டார்கள். அந்த நேரத்தில் கரடியே எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கியது. அப்போதும் விலக வேண்டியது கப்பல்தான். மாலுமி மெல்லப் பின்வாங்கினார். எனக்கு அது இந்தப் பயணத்தின் மிகச் சரியான நிமிஷமாகப் பட்டது. ஸ்வால்பார்டில் ஏறத்தாழ 300 கரடிகள்தான். நம்மைக் கண்டு நின்று, திரும்பி, நீந்திப் போக அது செலவழிக்கும் ஒவ்வொரு துளிக் கொழுப்பும் அடுத்த சீல் கிடைக்கும்வரை அதற்கு உயிர்.

அயனம்பாக்கம் ஏரியில் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டினால், கைபேசியோடு சம்புக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய்ப்பறவை முட்டைமேல் இலையை இழுத்து மூடிவிட்டு ஓடும். முட்டை சூடாகிக் கெடும். "தள்ளி நில்லுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறேன். இனி இன்னும் உரக்கச் சொல்வேன்.

ஜூலை 27, ஆல்க்ஃபியெலெட்

கடலிலிருந்து செங்குத்தாக எழும் கரும்பாறை. ஏறத்தாழ 60,000 சோடி கில்லிமோட் பறவைகள் விளிம்பு விளிம்பாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பங்குனித் திருவிழாக் கூட்ட நெரிசல்கூட இதற்கு முன் ஒன்றுமில்லை. பிறந்து மூன்று வாரமே ஆன குஞ்சுக்குப் பறக்க வராது. கீழே கடலில் தகப்பன் கூப்பிடுகிறது. குஞ்சு விளிம்புக்கு வருகிறது, பின்வாங்குகிறது, மறுபடி வருகிறது, குதித்துவிடுகிறது. பாறைமேல் விழுந்தால் ஆர்க்டிக் நரி தூக்கிப் போகும். தண்ணீரில் விழுந்தால் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து நீந்திக் கடலுக்குள் போய்விடுகிறார்கள். வாரக்கணக்கில் ஊட்டி வளர்ப்பது தகப்பன்தான். ஒன்று தண்ணீரில் விழுந்ததும் படகில் எல்லோரும் கைதட்டிவிட்டோம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டுது, தகப்பனோட சேந்திட்டுது" என்றார்.

ஜூலை 29, லாங்யர்பைன்

விமானத்துக்கு நேரமிருந்ததால் டாக்ஸி பிடித்து உலக விதை வைப்பகத்தின் வாசல் வரை போனோம். மலைக்குள் குடைந்து, 2008 பிப்ரவரியில் திறந்தது. உள்ளே சைபருக்குக் கீழே 18 பாகைக் குளிர். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் அனுப்பிய கம்பு, சோளம், துவரை, கொண்டைக்கடலை விதைகளும் அங்கே இருக்கின்றன. சிரியாவில் போர் வந்து அலெப்போவின் விதை வங்கிக்குப் போக முடியாமல் போனபோது, 2015இல் இங்கிருந்துதான் முதன்முதலாக விதையைத் திரும்ப எடுத்துப் போய், விதைத்துப் பெருக்கி, 2017இல் மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள்.

2016 இலையுதிர்காலத்தில் நிரந்தர உறைமண் இளகி, மழையும் சேர்ந்து, நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விதைகளை அது எட்டவில்லை. பிறகு சுரங்கத்தைத் தண்ணீர் கசியாதபடி கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். ஓட்டுநர் இதைச் சொல்லி முடித்ததும், விதைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். "ஒன்றும் ஆகவில்லை" என்றார். தூறல் பிடித்திருந்தது; வண்டியைத் திருப்பச் சொன்னேன்.