“நீங்கள் மறந்திட்டியள், மாமி”

இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். யார் வீட்டு அலுமாரியில் இரவல் புத்தகம் இல்லை என்பார். அந்தச் சிரிப்புக்குள் நான் பல காலம் ஒளிந்திருந்தேன். என் காரியம் அதில் அடங்காது. வயதான ஒரு பெண்ணின் சமையல் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கேட்டபோது, தந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கான தண்டனையை வேறொரு பெண் அனுபவித்தார். அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. குற்றம் இதுதான். இனி வருவது அது நடந்த விதம்.

வீடு திருகோணமலை மாவட்டத்துக் கப்பல்துறையில். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. பழைய சமையல் புத்தகங்கள் சேர்ப்பது என் பைத்தியம். எனக்குச் சமைக்கத் தெரியாது. தேத்தண்ணி ஊற்றுவேன், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வேன், ஏதோ பெரிய இரசிகன் போல.

அலுவலக வேலையாகக் கொழும்பு போனால் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில்தான் பின்னேரம் போகும். ஹில்டா டொய்ட்ரொம் தொகுத்து 1929இல் முதலில் வந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் புத்தகத்தின் பிந்திய பதிப்பு ஒன்று அங்கேதான் கிடைத்தது. லவ் கேக், புரூடர், லம்ப்ரைஸ் என்று பறங்கியர் வீட்டுப் பண்டமெல்லாம் அதில் இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதற்பாகமும் வைத்திருக்கிறேன். 1951இல் சென்னையில் வந்த புத்தகம். கலியாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் வைத்து அனுப்புவார்களாம். என் பிரதியில் வத்தக்குழம்புப் பக்கம் முழுக்க மஞ்சளும் எண்ணெயும். கறை கூடின பக்கம்தான் அந்த வீட்டில் அதிகம் சமைத்த பக்கம். யாரோ ஒரு மனுசியின் அடுப்படி வாழ்க்கை முழுவதும் அந்தக் கறையில் தெரியும். அதைத் தடவிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம். என் மனைவி குசினிக்குள் எந்தப் புத்தகத்தையாவது கொண்டுபோனால் மட்டும் கத்துவேன், கறை பட்டுவிடும் என்று.

அச்சடித்த புத்தகம் இன்னொருவரிடமும் இருக்கும். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துச் சமையலில் அச்சேறாதது நிறைய. அது கொப்பிகளில் கிடந்தது. ஒருவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

அதற்குக் குடும்பத்தைக் கருவியாக்கினேன். ஞாயிறு வந்தால் பிள்ளைகளைக் கிளப்புவேன். ஒரு கிழமை கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு கிணற்றிலும் வாளி போட்டு, எதில் சூடு கூட என்று மகனும் மகளும் சண்டை பிடிப்பார்கள். இன்னொரு கிழமை நிலாவெளிக் கடல். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில், கந்தளாய்க் குளக்கட்டு, 2009இல் பாலம் திறந்தபிறகு கிண்ணியா. மனைவி விடியற்புறமே எழும்பிச் சோற்றுப் பார்சல் கட்டுவாள். நல்ல தகப்பன் என்று அயலில் பேர்.

எந்த ஊருக்குப் போவது என்பதைத் தீர்மானித்தது கடலும் இல்லை, கோயிலும் இல்லை. அங்கே யார் வீட்டில் பழைய கொப்பி இருக்கிறது என்று முதலே விசாரித்து வைத்திருப்பேன். “அஞ்சு நிமிசம், இஞ்ச ஒரு ஆளைப் பாத்திட்டு வாறன்” என்று இறங்குவேன். ஐந்து நிமிடம் இரண்டு மணித்தியாலமாகும். ஒருநாள் நிலாவெளி போகும் வழியில் இப்படி இறங்கித் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கத்தரிக்காய்க் கறி புளித்துவிட்டது. மகன் ஓட்டோவின் பின் சீற்றில் வியர்த்துப்போய் நித்திரை. மனைவி ஒன்றும் பேசவில்லை. பார்சலைப் பிரித்து நாய்க்குப் போட்டாள். நான் கையிலிருந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கொப்பிதான் இது.

மாமியின் ஊர்ப் பெயர் வேண்டாம். மனைவிக்குத் தூரத்து உறவு. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது, திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஓடிய ஆயிரக்கணக்கானவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. காடும் ரோட்டுமாக மன்னார் போய், படகேறி இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். பொட்டலத்தில் உடுப்போடு இந்தக் கொப்பியும் போனது. திரும்பி வந்தபோது அதுவும் வந்தது.

முதற்பக்கங்கள் அவருடைய தாயின் கையெழுத்து. பவுண்டன் பேனை, நீல மை. கொட்டியாரக்குடா நண்டுக்கு அரைக்கும் கூட்டு, பாற்சொதி, தொதல். அதன்பிறகு மாமியின் எழுத்து. சுறா வறைக்குப் பக்கத்தில் ‘இவருக்கு உறைப்புக் குறைய’ என்று ஒரு குறிப்பு. நடுவில் முகாமில் எழுதியவை. அங்கே அகதிகளுக்குக் கிலோ 57 பைசாவுக்கு அரிசி கொடுத்தார்கள். அந்த அரிசியில் எப்படிப் புட்டு அவிப்பது என்று எழுதியிருந்தார். எத்தனை தரம் கழுவுவது, மாவை எவ்வளவு நேரம் வறுப்பது, தேங்காய் இல்லாவிட்டால் என்ன செய்வது. எந்தச் சமையல் புத்தகத்திலும் இது இல்லை. முற்றத்தில் நின்று அந்தப் பக்கத்தை வாசித்தபோதே இது எனக்குத்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். வாய் மட்டும் இரவல் கேட்டது.

மாமி தயங்கினார். “தம்பி, முன்பக்கம் என்ரை அம்மாவின்ர கையெழுத்து. கவனம்” என்றார். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து தருவேன் என்றேன். 2018ஆம் ஆண்டு முடிகிற நேரம் அது.

பிறகு 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு கொரோனா, ஊரடங்கு. இந்தக் காரணங்களை மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உங்களிடம் சொல்லமாட்டேன். குண்டு வெடிக்கும்வரை எத்தனையோ ஞாயிறு இருந்தது. அதே வீதியால் நிலாவெளி போய் வந்தும் இருக்கிறோம். மாமி வீட்டுப் படலையைத் தாண்டும்போது ஓட்டோவை முறுக்கி ஓட்டினேன்.

இன்னொரு வழியும் இருந்தது. அதுதான் என்னை அதிகம் குற்றவாளியாக்குகிறது. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி, எவரும் காசில்லாமல் வாசிக்க இணையத்தில் வைக்கிறது. அது எனக்குத் தெரியும். அதில் நானே மணிக்கணக்காகப் பழைய இதழ்கள் வாசித்தவன். அந்த வேலை தெரிந்த ஒரு பெடியன் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு, படமெடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். ஒரு பின்னேரத்து வேலை. பக்கங்களும் பிழைத்திருக்கும், கொப்பியும் மாமியிடம் போயிருக்கும். வேண்டாம் என்றேன். படமெடுத்தால் எல்லாரிடமும் இருக்கும். பிறகு என்னிடம் இருப்பதில் என்ன விசேசம்?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் எரித்ததைப் பற்றிக் கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். 97 ஆயிரம் நூல்கள், ஒற்றைப் பிரதி ஏடுகள் என்று தொண்டை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் மாமியின் கொப்பி என் அலுமாரியில் பூட்டுப் போட்டு இருந்தது.

பத்திரமாகவும் வைக்கவில்லை. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பொலித்தீன் பையில் இட்டு வாயை ஒட்டினேன். கடற்காற்றின் ஈரம் பைக்குள் அகப்பட்டு, வெளியேற வழியில்லாமல் பூஞ்சணமானது. காற்றுப்பட விரித்து வைத்திருந்தால் இது வந்திராது. இத்தனை புத்தகம் சேர்த்தவனுக்கு அந்த அறிவு இல்லை. 2021இல் திறந்தபோது முதற்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பதறிப்போய்ப் பிரித்தேன். நீல மை மற்றப் பக்கத்தோடு உரிந்து வந்தது. தாயின் கையெழுத்து அத்தோடு போனது. அதுவரை கொடுக்க மனமில்லை. அன்றிலிருந்து கொடுக்கப் பயம்.

2022 நவராத்திரி. கியூஆர் கோட்டாவில் கிடைத்த பெற்றோலை மிச்சம் பிடித்துக் கோணேஸ்வரம் போனோம். அன்றைக்கு உண்மையாகவே கோயிலுக்குத்தான். கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்கு மகள் வாழைப்பழத்தோல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயிலிலிருந்து இறங்கி வந்த மாமி எங்களைக் கண்டுவிட்டார். மருமகள் கையைப் பிடித்திருந்தார். மாமி மெலிந்திருந்தார். அங்கே வைத்தே எங்களிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டார். மறதி தொடங்கியிருந்தது.

“தம்பி, அந்தக் கொப்பி உங்களிட்டத்தானே இருக்கு?”

ஓம் என்றால் முடிந்திருக்கும். கொஞ்சம் பழுதாகிப் போச்சு, மன்னியுங்கோ என்றால் முடிந்திருக்கும். அவர் அழுதிருப்பார், நான் தலை குனிந்திருப்பேன். அதைத்தான் நான் விரும்பவில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் தலைகுனிய என்னால் ஏலவில்லை.

“அப்பவே கொண்டுவந்து தந்திட்டனே. நீங்கள் மறந்திட்டியள், மாமி.”

வாய் தவறி வந்த சொல் இல்லை இது. அவருடைய மறதியை அப்போதுதான் கண்டேன். கண்டவுடனே அதைப் பயன்படுத்தினேன். மனைவி நம்பினாள். மகள் நம்பவில்லை. முதல்நாள்தான் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்க அலுமாரியைத் திறந்து, அந்தப் பையை நகர்த்தி வைத்தவள் அவள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மான்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமி மருமகளைப் பார்த்தார். “அப்ப நீதான்” என்றார்.

அந்த ஆண்டு சமையல் எரிவாயுவுக்கு நாடு முழுக்க வரிசையில் நின்றது நினைவிருக்கும். சிலிண்டர் கிடைக்காத வீடுகளில் விறகும் சிரட்டையும் எரித்தார்கள். பற்றவைக்கப் பழைய பேப்பரும் கொப்பியும் கிழித்தார்கள். அப்படித் தன் தாயின் கொப்பியையும் மருமகள் அடுப்புக்குள் வைத்துவிட்டாள் என்று மாமி நம்பிவிட்டார். வேறு எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். புருசனின் திவசத்துக்கு அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் சமைப்பாராம். அந்த வருசத் திவசத்தில் எல்லார் முன்னிலையிலும் மருமகளைப் பேசினார். அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருந்தார். மகன் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கினார். மாமிக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது திரும்பி வந்து குளிப்பாட்டி, சோறு தீத்தியது அதே மருமகள்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். மனைவி வந்து வந்து சொல்வாள். “பாவம் அந்தப் பிள்ளை” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதை எழுதும்போதே கூசுகிறது. ஆனாலும் சொன்னேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. முதலில் மகள் படிக்க இருக்கிறது என்றாள். அக்கா வராவிட்டால் மகனும் வரமாட்டான். யாருக்குக் கட்டுவது என்று மனைவியும் பார்சலை விட்டாள். மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளையின் தலையில் தகப்பனின் பொய்யை ஏற்றி வைத்தேன், அவள் பள்ளிக்கூடப் பையோடு அதையும் சுமந்தாள்.

மாமி 2024இல் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலில் இருந்தவர்களுக்கு மருமகள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தார். நானும் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. போவதற்கு முன் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். “நான் போக முதல் அதைக் குடுத்திடுங்கோ அப்பா.” அதற்குப் பிறகுதான் போனேன். நானாக மனம் திருந்திப் போனதாக யாரும் எண்ணவேண்டாம். மனைவிக்கு அன்று காலையில்தான் உண்மையைச் சொன்னேன். அவள் என்னுடன் வரவில்லை.

மருமகளிடம் கொப்பியைக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் இருக்கச் சொல்லவில்லை. ஒட்டிப்போன பக்கங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“மாமியிட்டச் சொன்னீங்களா?”

“இல்லை.”

“அப்ப என்னட்ட ஏன் சொல்லுறீங்கள்?”

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்போதும் இல்லை. அவருடைய பெயரை அவருடைய மாமியாரின் முன்னால் துடைக்க ஒருவனால்தான் முடிந்திருக்கும். அவன் காலம் முழுவதையும் கடத்திவிட்டுப் போய் நின்றான். உறவுக்காரர் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லி வருகிறேன். சிலர் நம்புகிறார்கள். சிலர், செத்தவரின் மறதிக்கு நான் பழியேற்பதாக நினைத்து என்னைப் பெருந்தன்மைக்காரன் என்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அலுமாரியில் பிறர் வீட்டுக் கொப்பிகள் இன்னும் சில இருக்கின்றன. சிலவற்றில் பெயர் இல்லை. யாரிடம் வாங்கியது என்று எனக்கே மறந்துபோனதும் உண்டு. கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, கன்னியாப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் குடும்பத்தோடு வந்த ஒருவனுக்கு உங்கள் வீட்டில் யாராவது சமையல் கொப்பி கொடுத்திருந்தால், கப்பல்துறைக்கு வந்து கேளுங்கள். அலுமாரியைப் பூட்டுவதில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கொப்பிக்காக யார்மீதாவது பழி விழுந்திருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.